14 நிமிடத்தில் நின்றுபோகும் 1210: டாங்க் முதல் ஃபீட் பம்ப் வரை

திருச்செங்கோடு பக்கம் தண்ணீர் லாரியாக ஓடும் டாடா 1210 ஒன்று. வயது 30-ஐத் தாண்டிவிட்டது. 6 சிலிண்டர், டர்போ கிடையாது. வரிசை டீசல் பம்ப், அதன் பக்கவாட்டில் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப், ஃபீட் பம்ப் தலையில் கையால் அடிக்கும் பிரைமர். இஞ்சினை நிறுத்த கேபிள் ஸ்டாப்பர். ஒருமுறை பிடித்துவிட்டால் இந்த இஞ்சின் ஓட கரண்ட்டே தேவையில்லை. அதனால் வயரிங்கை ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து எடுத்தாயிற்று.

குறை இதுதான். காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். ஸ்லோ ஸ்பீடில் விட்டால் 14 நிமிடம் ஓடும். பிறகு சத்தம் மெலிந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறாமல், மெதுவாக அடங்கி நின்றுவிடும். பாதி ஆக்ஸிலேட்டர் கொடுத்து வைத்தால் 6 நிமிடம்தான். நின்றதும் உடனே செல்ஃப் அடித்தால் பிடிக்காது. அரை மணி நேரம் விட்டுவிட்டு அடித்தால், ஏர் எடுக்காமலேயே (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றாமலேயே) பிடித்துக்கொள்ளும். மறுபடி 14 நிமிடம்.

பழுது இரண்டு இடத்தில் இருந்தது: சேசிஸ் ஓரமாக வரும் ஒரு ரப்பர் ஹோஸ், டாங்குக்குள் இருக்கும் வலை. அதைக் கண்டுபிடிக்க 6 நாள் ஆனது. சரியான வரிசையில் போயிருந்தால் ஒரு பகல் போதும். எங்கெங்கே வழி தவறியது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறது, ஏனென்றால் இதே குறையோடு பட்டறைக்கு வரும் பழைய வண்டிகள் பலவற்றிலும் இதே வரிசையில்தான் காசு வீணாகிறது.

முதல் நாள்: ஃபில்டர்

எல்லோரும் செய்வதையே செய்தோம். இரண்டு ஃபில்டர் கிண்ணங்களையும் கழற்றினோம். முதல் கிண்ணத்தின் அடியில் கறுப்பாக இரண்டு ஸ்பூன் வண்டல், கொஞ்சம் தண்ணீர். எலிமென்ட் கறுத்திருந்ததே தவிர அடைத்திருக்கவில்லை. இரண்டுக்கும் புது எலிமென்ட், 460 ரூபாய். கிண்ணத்தை டீசலில் கழுவி, ரப்பர் ரிங் மாற்றி, நட்டு போல்ட்டை இறுக்கி ஏர் எடுத்தோம்.

ஏர் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் ஒழுங்காக வழியும்வரை பிரைமரை அடிக்க வேண்டும். பிரைமர் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூட வேண்டும். அடுத்து டீசல் பம்ப் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவில் இதையே செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால்தான் 17 ஸ்பேனரால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பக்கத்து பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடிப்பது. கடைசியில் பிரைமர் குமிழை முழுதாகத் திருகி மூடாமல் விட்டால் அங்கேயே காற்று இழுக்கும்.

வண்டி 14 நிமிடம் ஓடி நின்றது. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடைப்பு ஃபில்டரில் இருந்திருந்தால் புது எலிமென்ட் போட்டதும் நேரம் கொஞ்சமாவது நீண்டிருக்கும். அதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு தடயமும் அன்றே கையில் கிடைத்தது, மதிப்புத் தெரியாமல் விட்டோம். வண்டி நின்ற உடனே பிரைமர் குமிழைத் திருகி மேலே இழுத்தபோது கனமாக இருந்தது. கையை விட்டதும் தானாக உள்ளே போனது. பிரைமரை மேலே இழுக்கும்போதுதான் அது டாங்க் பக்கமிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்த இழுப்பு கனமாக இருந்து குமிழ் திரும்ப உள்ளே போனால், டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் அடைப்பு. மேலே தூக்குவதும் கீழே அழுத்துவதும் லேசாக, பஞ்சுபோல இருந்தால் காற்று. தூக்குவது லேசாக இருந்து, நாலு அடியிலேயே அழுத்துவது மட்டும் கெட்டியாகிவிட்டால், ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் வருகிறது, பார்க்க வேண்டியது அதற்கு மேல். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. வண்டி நின்ற முதல் 2 நிமிடத்துக்குள் செய்தால்தான் பலன். அரை மணி கழித்துச் செய்தால் எல்லாமே சரியாக இருப்பதுபோலக் காட்டும்.

இரண்டாம் நாள்: ஃபீட் பம்ப்

பிரைமர் கனமாக இருந்ததை 'ஃபீட் பம்ப் பிஸ்டன் சிக்குது' என்று தப்பாகப் படித்தோம். கழற்றி, ரிப்பேர் கிட் 340 ரூபாய், பம்ப் பட்டறைக் கூலி 500. பிஸ்டன், ஸ்பிரிங், இரண்டு வால்வு, எல்லாம் மாறியது. பழைய வால்வுகளைத் துடைத்து வாயால் ஊதிப் பார்த்தபோது இரண்டுமே நன்றாகத்தான் பிடித்தன.

இங்கே சொந்தக் கையாலேயே ஒரு புதுக் குறையை உண்டாக்கினோம். ஃபீட் பம்பின் உள்வரும் பேன்ஜோ போல்ட்டில் (டீசல் ஓட நடுவில் துளையுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷர்களையே திரும்பப் போட்டதுதான் காரணம். அவை ஒருமுறை நசுங்கி இறுகிவிட்டவை, இரண்டாம் முறை உட்காராது. வண்டி இப்போது 14 நிமிடத்துக்குப் பதிலாக 3 நிமிடத்தில் திக்கத் தொடங்கியது, மிஸ்ஸிங் அடித்தது, வெள்ளைப் புகை விட்டது, நின்ற பிறகு ஏர் எடுக்காமல் பிடிக்கவேயில்லை. அரை நாள் இதிலேயே போனது. உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைந்தால் வெளியே டீசல் கசியாது. துடைத்துவிட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும். அதனால் கண்ணை நம்ப முடியாது.

புது வாஷர் போட்டதும் அந்தக் குறை போய், பழைய 14 நிமிடம் திரும்பியது. 14 மி.மீ காப்பர் வாஷர் பாக்கெட் 60 ரூபாய். அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால் பழையதைக் கம்பியில் கோர்த்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் மென்மையாகிவிடும். இரண்டு முகத்தையும் நைசான எமரி தாளில் தட்டையாகத் தேய்த்துவிட்டுப் போடலாம். இரும்பு வாஷரோ அலுமினிய வாஷரோ கலந்து போடுவது வேண்டாம்.

ஆனாலும் இந்தத் தவறால் ஒன்று தெளிவானது. காற்று நுழைந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும், அடைப்பு இருந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரே வண்டியில் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தது. காற்று என்றால் திக்கும், ஏறி இறங்கும், புகையும், நின்றால் பிரைமர் அடிக்காமல் பிடிக்காது. அடைப்பு என்றால் திக்காது. மெலிந்து மெலிந்து அடங்கும். நேரம் விட்டால் தானாகவே பிடிக்கும். ஸ்டாப்பர் கேபிள் இழுத்துக்கொண்டால் இரண்டும் இல்லாமல் பட்டென்று நிற்கும். இதைச் சரிபார்க்க கேபிளைப் பம்ப் லிவரிலிருந்து கழற்றி, லிவரை ஓடும் நிலையில் கம்பி போட்டுக் கட்டி ஓட்டினோம். வித்தியாசமில்லை. அப்படிக் கட்டி ஓட்டும்போது நிறுத்துவதற்கு ஒருவர் பம்ப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

டீசல் பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சர் தேய்ந்து, சூடானதும் டீசல் ஏற்றாமல் போகிறதா என்ற சந்தேகமும் வந்தது. பழைய வண்டிகளில் அது உண்டு. சூடான பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிர்வித்தால் பிடிக்கும் என்பது டிரைவர்களுக்குத் தெரிந்த வழி. வண்டி நின்றதும் சாக்கைப் போட்டு 5 நிமிடம் தண்ணீர் ஊற்றினோம். பிடிக்கவில்லை. சாக்கே போடாமல் 30 நிமிடம் விட்டதும் பிடித்தது. பம்ப் அப்போதும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது. அதோடு பம்ப் மேல் இருந்த சந்தேகம் போனது.

மூன்றாம் நாள்: மூடியும் காற்றடிப்பும்

டாங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தால் இதே அடையாளங்கள்தான் வரும். டீசல் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போகும், நின்ற பிறகு மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்ச் சரியாகும். சோதிப்பது சுலபம், மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் போதும். வாயில் சுத்தமான துணி ஒன்றை லேசாகப் போட்டுக்கொண்டு ஓட்டினோம். 14 நிமிடம். மூடியில் இருந்த துளையில் மண்ணும் கிரீஸும் பாதி அடைத்திருந்தது உண்மைதான், அதனால் 280 ரூபாய்க்குப் புது மூடி போட்டோம். ஆனால் நோய்க்குக் காரணம் அது இல்லை.

அடுத்துச் செய்ததுதான் பெரிய திசைதிருப்பல். ஃபீட் பம்பில் உள்வரும் பைப்பைக் கழற்றி, அதன் வழியாக டாங்கை நோக்கிக் கம்ப்ரஸர் காற்றடித்தோம். டாங்கில் கொதிக்கிற மாதிரி குமிழி வந்தது. பாதை சுத்தம் என்று முடிவுகட்டி மாட்டி ஓட்டினால், 35 நிமிடம் ஓடியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் காலை மறுபடி 14 நிமிடத்தில் நின்றது.

காற்றடித்துப் பார்ப்பது ஏன் ஏமாற்றும் என்பதை இப்போது சொல்ல முடியும். டீசல் டாங்கிலிருந்து பம்புக்கு உறிஞ்சப்படுகிறது. நாம் காற்றை எதிர்த் திசையில் தள்ளுகிறோம். உறிஞ்சும்போது ஒட்டி மூடிக்கொள்ளும் ரப்பர் படலம், தள்ளும்போது விரிந்து வழிவிடும். வலையில் ஒட்டியிருக்கும் குப்பை தள்ளும்போது விலகி டாங்குக்குள் மிதக்கும், பிறகு திரும்பி வந்து ஒட்டும். அதனால் காற்றடித்த பிறகு நன்றாக ஓடினால், அதைச் சரியானதாக எண்ணாமல், அடைப்பு டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள்: கேன்

முதல் நாளே செய்திருக்க வேண்டியது. கழுவிக் காயவைத்த 10 லிட்டர் கேனில் சுத்தமான டீசல். உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் 'கண்ணாடி பைப்' 3 மீட்டர், 120 ரூபாய். ஃபீட் பம்பின் உள்வாயிலில் டாங்க் பைப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பைப்பை மாட்டி, அதன் மறுமுனை கேனுக்குள். பம்பிலிருந்து டாங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி அதே கேனுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் கேன் டீசல் முழுதும் டாங்குக்குப் போய், 10 லிட்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகும். கேன் சைலன்சர் பக்கமே போகக் கூடாது, கயிறு போட்டு அசையாமல் கட்டியிருக்க வேண்டும்.

கேனை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் இந்தச் சோதனையின் பொருள் இருக்கிறது. முதலில் கேபினுக்குப் பின்னால் உயரமாகக் கட்டினோம். டீசல் தன் கனத்திலேயே இறங்கி வரும், ஃபீட் பம்புக்கு உழைப்பில்லை. ஸ்லோ ஸ்பீடில் 50 நிமிடம் ஓடியது, நாமே நிறுத்தினோம். இஞ்சின், டீசல் பம்ப், நாசில், ஃபில்டர் எல்லாம் நல்லவை என்று அதனால் தெரிந்தது. ஃபீட் பம்ப் நல்லதா என்பது இதில் தெரியாது. அதனால் கேனைத் தரையில், டாங்கின் அடிமட்ட உயரத்துக்கு இறக்கி வைத்தோம். இப்போது ஃபீட் பம்ப் தானே உறிஞ்சியாக வேண்டும். மறுபடி 50 நிமிடம், பாதி ஆக்ஸிலேட்டரில் 20 நிமிடம். நிற்கவில்லை. கண்ணாடி பைப்பில் ஒரு குமிழிகூட இல்லை.

ஆக ஃபீட் பம்ப் முதல் நாசில் வரை எதையும் தொட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் செலவான 1,300 ரூபாயும் இந்த ஒரு சோதனையை முதலில் செய்யாததால் போனது. ஃபில்டர் மாற்றும் காலம் எப்படியும் நெருங்கியிருந்தது, அந்த அளவுக்கு அது வீணில்லை.

கேஜ்

மிச்சம் இருப்பது டாங்க், அதிலிருந்து வரும் இரும்பு பைப், நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ், மறுபடி ஃபீட் பம்ப் வரை பைப். எது என்று ஊகிக்காமல் அளக்க முடிவு செய்தோம். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் நீலக் கேஜில் பூஜ்யத்துக்குக் கீழே வெற்றிடத்துக்கும் அளவு இருக்கும், பாதரசக் கணக்கில் 30 இன்ச் வரை. அது போதும். ஃபீட் பம்ப் உள்வாயிலில் வைக்க 14 மி.மீ பேன்ஜோவுக்கு ஏற்ற டீ ஜாயின்ட் (மூன்று வாய் உள்ள இணைப்பு) ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கியது 350 ரூபாய். டீக்கும் கேஜுக்கும் நடுவில் ஒரு மீட்டர் காலி ஹோஸ் விட்டு, கேஜை மேலே தொங்கவிட வேண்டும். கேஜுக்குள் டீசல் போனால் திரும்ப ஏசி வேலைக்கு ஆகாது. இரவல் கேஜ் என்றால் இதை மறக்கக் கூடாது.

டாங்க் இணைப்பில், ஸ்லோ ஸ்பீடில், ஃபீட் பம்ப் வாயிலில் கண்ட அளவு: ஸ்டார்ட் ஆனதும் 3 இன்ச், 5-ஆம் நிமிடம் 6, 10-ஆம் நிமிடம் 11, 13-ஆம் நிமிடம் 16, அடுத்த நிமிடம் 17 தொட்டு இஞ்சின் நின்றது. நின்ற பிறகு முள் மெல்ல இறங்கி 2-க்கு வர 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. அரை மணி காத்திருந்தால் பிடிக்கும் என்பதன் விளக்கம் அந்த முள்ளிலேயே இருந்தது.

கூடவே ரிட்டர்ன் ஹோஸை ஒரு லிட்டர் பாட்டிலில் விட்டு நிமிடக் கணக்கில் பிடித்தோம். முதல் நிமிடங்களில் 420 மி.லி, 8-ஆம் நிமிடம் 290, 12-ஆம் நிமிடம் 110. பிறகு சொட்டுதான். இந்த வகை ஃபீட் பம்பில் கேம் பிஸ்டனைத் தள்ளினாலும், டாங்கிலிருந்து உறிஞ்சுவதும் ஃபில்டருக்கு அனுப்புவதும் ஸ்பிரிங் திரும்பும்போதுதான். ஸ்பிரிங்கின் பலத்துக்கு மேல் வெற்றிடம் எதிர்த்து இழுத்தால் பிஸ்டன் திரும்பாது. எவ்வளவு புது கிட் போட்டாலும் இதுதான் கதி. கேஜ் கிடைக்காதவர்கள் இந்தப் பாட்டில் சோதனையை மட்டுமாவது செய்யலாம். ரிட்டர்ன் படிப்படியாகக் குறைந்தால் அடைப்பு, குறையாமல் நுரையோடு வந்தால் காற்று.

அடுத்து அதே டீயை டாங்கின் வெளிவாயிலுக்கு மாற்றினோம். அங்கே ஸ்டார்ட்டில் 2, வண்டி நிற்கும்போது 5. பம்ப் வாயிலில் 17, டாங்க் வாயிலில் 5. நடுவே 12 இன்ச் எங்கோ போகிறது. நடுவில் இருப்பது பைப்பும் ஹோஸும்தான். பைப்பில் 4 மி.மீ கம்பியை முழு நீளத்துக்கும் விட்டுப் பார்த்தோம், தடையில்லாமல் போனது.

ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு. 6 மாதத்துக்கு முன் மாற்றியது. கழற்றி, ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்தோம். உள் விட்டம் 10 மி.மீ இருக்க வேண்டியது. உள் ரப்பர் ஊறி உப்பி, இரண்டு இடத்தில் கொப்பளம்போல எழும்பி, 4 மி.மீ வழிதான் மிச்சம். ஒரு கொப்பளத்தின் ஓரம் கிழிந்து நாக்குபோலத் தொங்கியது. உறிஞ்சினால் அந்த நாக்கு வழியை மூடும், ஊதினால் திறக்கும். கம்ப்ரஸருக்குப் போடும் காற்று ஹோஸை டீசலுக்குப் போட்டிருக்கிறார்கள். அது டீசலைத் தாங்காது. போதாததற்கு சைலன்சர் பைப்புக்கு ஒரு சாண் தூரத்திலேயே கட்டியிருந்தார்கள். இஞ்சின் ஓடச் சூடு ஏறும், ரப்பர் இளகும், வழி சுருங்கும். 14 நிமிடம் என்பது அந்தச் சூடு ஏறும் நேரம்.

டீசலுக்கென்றே விற்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், உள்ளே 10 மி.மீ, நூல் பின்னல் உள்ளது, மீட்டர் 190 ரூபாய், 2 மீட்டர் 380. கடையில் வாங்கும்போது மேலே அச்சடித்த எழுத்தைப் படித்து, எண்ணெய்க்கு உரியதுதானா என்று பார்த்தே வாங்க வேண்டும். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம். கிளிப் 6, தலா 20. சைலன்சரிலிருந்து தள்ளி, சேசிஸின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டோம். எங்கும் கூர்மையாக வளையவில்லை. 1.4 மீட்டர்தான் தேவைப்பட்டது. மிச்சம் வண்டியிலேயே சீட்டுக்கடியில்.

ஸ்லோ ஸ்பீடில் ஒரு மணி நேரம் ஓடியது. கேஜ் 3-இல் தொடங்கி 6-இல் நின்றது. அந்த 6-இல் 5 டாங்க் வாயிலில்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. சின்ன வலை ஒன்று இவ்வளவு தடை காட்டக் கூடாது. வண்டியை அனுப்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்: லோடு

6,000 லிட்டர் தண்ணீரோடு போன வண்டி 40 நிமிடத்தில் ரோட்டில் நின்றது. அதே மெலிவு, அதே அடங்கல். கேஜ் ஹோஸை கேபின் தரையிலுள்ள ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மறுபடி லோடோடு ஓட்டினோம். 20-ஆம் நிமிடம் 8, 30-ஆம் நிமிடம் 13, 41-ஆம் நிமிடம் 17, நின்றது. டீயை டாங்க் வாயிலுக்கு மாற்றி ஒரு நடை, அங்கேயும் ஏறக்குறைய இதே அளவுகள். இப்போது தடை முழுதும் டாங்குக்குள்.

நின்ற இடத்தில் ஓட்டியபோது ஏன் தெரியவில்லை? வண்டி அசையாமல் நின்றால் டாங்கின் வண்டல் அடியிலேயே கிடக்கும். ரோட்டில் குலுங்கும்போது கிளம்பி டீசலோடு கலந்து, வலையை நோக்கி இழுபடும். இந்த மாதிரிக் குறையைப் பட்டறை வாசலில் நிறுத்திவைத்துச் சரி என்று சொல்லவே கூடாது. லோடோடு ஒரு மணி நேரம், கேஜைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால்தான் சரி.

ஆறாம் நாள்: டாங்க்

டாங்க் 120 லிட்டர், இரும்பு. உள்ளே 40 லிட்டர் டீசல் இருந்தது. அடி போல்ட்டைத் திறந்து இரண்டு கேனில் பிடித்தோம். முதலில் வந்தது டீசல் இல்லை, பழுப்புத் தண்ணீர், 700 மி.லி. பட்டிகளைத் தளர்த்தி இறக்க இருவர் வேண்டும். கூலி, கழுவுதல் சேர்த்து 1,500.

உறிஞ்சும் பைப்பை மேலே கழற்றி எடுத்தபோது விஷயம் வெளிச்சமானது. நுனியிலுள்ள பித்தளை வலையைச் சுற்றி, கம்பளிபோல ஒரு கறுப்புப் போர்வை. கையில் எடுத்துக் கழுவினால் சிவப்பும் நீலமுமாக நூல். பனியன் வேஸ்ட், துடைக்க வைத்திருக்கும் கழிவுத் துணி. மூடி தொலைந்த காலத்தில் டாங்க் வாயில் பனியன் வேஸ்டை அடைத்துவைத்து ஓட்டியிருக்கிறார்கள், அதன் நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுந்திருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும், பாசிபோல வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் அந்த நூலைப் பசைபோலப் பிடித்துக்கொண்டது. உறிஞ்சும்போது வலையில் ஒட்டி மூடும். இஞ்சின் நின்று இழுப்பு போனதும் தளர்ந்து விலகும். மொத்தம் அரை டம்ளர் அளவுதான்.

கழுவிய முறை: 5 லிட்டர் டீசல், 2 மீட்டர் பழைய இரும்புச் சங்கிலி, டாங்கை அப்படியும் இப்படியும் உருட்டி 20 நிமிடம். சங்கிலி துருவைச் சுரண்டிவிடும். சங்கிலியை எடுத்ததும் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர் இரண்டு முறை, ஒரு முழுநாள் வெயிலில் வாயைக் கீழே கவிழ்த்துக் காயவைத்தல், கடைசியாக ஒரு லிட்டர் டீசல் ஊற்றி அலசிக் கொட்டுதல். கூழாங்கல் போட்டு உருட்டுபவர்கள் உண்டு. கல் ஒன்று உள்ளே தடுப்புத் தகடுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்க முடியாது. சங்கிலி என்றால் ஒரு முனை எப்போதும் கையில் இருக்கும். டாங்கில் ஓட்டை இருந்தால் அந்த நேரத்திலேயே வெல்டிங் வைக்கத் தோன்றும். டீசல் காலியான டாங்குதான் ஆபத்து, ஆவி நிற்கும், வெடிக்கும். டாங்க் வெல்டிங் தெரிந்த பட்டறையில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

பித்தளை வலையைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினோம், கிழியவில்லை. சிலர் அந்த வலையையே பிடுங்கி எறிந்துவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இந்த நூல் ஃபீட் பம்ப் வால்வில் போய்ச் சிக்கும், அதை எடுப்பது இதைவிடக் கஷ்டம். டாங்க் மேல் மூடிக்குப் புது கார்க் பேக்கிங் 70 ரூபாய். வடித்த 40 லிட்டரை இரண்டு நாள் தெளியவிட்டு, மேல் 35 லிட்டரை மட்டும் நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினோம்.

கணக்கு

தேவைப்பட்டவை: ஹோஸ் 380, கிளிப் 120, காப்பர் வாஷர் 60, மூடி 280, கார்க் பேக்கிங் 70, டாங்க் கூலி 1,500, கண்ணாடி பைப் 120, டீ ஜாயின்ட் 350. கூட்டினால் 2,880. தேவைப்படாத ஃபில்டர், கிட், பம்ப் கூலி 1,300. மொத்தம் 4,180 ரூபாய். கொட்டிய டீசலும் வண்டி நின்ற 6 நாள் வாடகையும் இதில் சேராது. இந்த இரண்டும்தான் உண்மையில் பெரிய செலவு.

அடுத்த முறை இப்படி ஒரு வண்டி வந்தால் வரிசை இது: நின்ற உடனே பிரைமரைத் தூக்கிப் பார்ப்பது, மூடியைத் திறந்து ஒரு ஓட்டம், தரையில் கேன் வைத்து ஒரு ஓட்டம். இந்த மூன்றுக்கும் கண்ணாடி பைப் தவிர வேறு காசு வேண்டாம், அரை நாள் போதும். பிறகுதான் கேஜ், அதுவும் முதலிலேயே லோடோடு. ரப்பர் ஹோஸ் எதுவாக இருந்தாலும், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், கழற்றி உள்ளே பார்க்காமல் நம்பப் போவதில்லை.

டீ ஜாயின்ட்டைக் கழற்றவில்லை. வாயில் ஒரு பிளக் போட்டு ஃபீட் பம்பிலேயே விட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேஜ் மாட்டிக்கொள்ளலாம். டாங்க் வாய்க்குள் சல்லடை ஒன்று வைத்தாயிற்று. வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இரவெல்லாம் தெளிந்து நிற்கும்போது அடி போல்ட்டைத் தளர்த்தி கால் லிட்டர் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. முதல் வாரம் பாட்டில் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். இரண்டாம் வாரம் அரை விரற்கடை. கடைசியாக லோடோடு ஒன்றரை மணி நேரம் ஓட்டியபோது கேஜ் 2-இல் தொடங்கி 3-க்கு மேல் போகவில்லை.